எக்ஸ்-மென் படத்தைப் பந்தலூர்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

டீச்சர், நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறீர்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்று பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் அதிகம்; இலங்கையிலிருந்து திரும்பி வந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மாலை ப்ரொஜெக்டரில் 2000-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ படத்தைப் போடலாம் என்று யோசனை. கூட வேலை பார்க்கும் சார் ஒருவர் அது வெறும் சண்டைப் படம் என்கிறார். அது நல்ல படமா, எதை வைத்து எடைபோடுவது என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ஊர் ஒதுக்கியவர்களிடம்தான் அபூர்வ சக்தி இருக்கிறது என்று காட்டும் படம், என் பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுக்கும் இல்லையா? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு என் பதில், படத்தைப் போடுங்கள், ஆனால் அந்தக் காரணத்துக்காகப் போடாதீர்கள் என்பது. அதை விளக்கக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

நான் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் வீட்டுக்காரன். சென்னையில் எடிட்டிங் அறைகளில் பல வருஷம் உதவியாளனாக இருந்துவிட்டு, அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மாணவர்களுக்குப் படத்தொகுப்பு சொல்லிக்கொடுத்தேன். ஆகவே ஒரு காட்சி ஏன் மனதில் ஒட்டுகிறது, ஏன் ஒட்டாமல் போகிறது என்பதில் என் பேச்சை நம்பலாம். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்து என்ன நினைக்கும் என்பதில் நம்ப வேண்டாம்; அது உங்களுக்குத்தான் தெரியும். காட்டுநாயக்கர், குறும்பர் சார்பாகப் பேசவும் எனக்கு உரிமை இல்லை. அவர்களைப் பார்த்துப் பயந்த பக்கத்தில் பிறந்தவன் நான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள், ஆகவே கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் மரபணு மாற்றத்தோடு பிறக்கிறார்கள். வளரும் வயதில் அது ஏதாவது ஒரு சக்தியாக வெளிப்படுகிறது. அவர்களை மியூட்டன்ட் என்கிறார்கள். இவர்கள் எல்லோரும் அரசிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க செனட்டர் கெல்லி சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார். பேராசிரியர் சேவியர் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வெளியே தெரியாமல் ஓர் உறைவிடப் பள்ளி நடத்துகிறார். மற்ற மனிதர்களோடு சேர்ந்து வாழ முடியும் என்பது அவர் நம்பிக்கை. அவருடைய பழைய நண்பர் மேக்னெட்டோ சிறு வயதில் நாஜி முகாமில் பெற்றோரைப் பிரிந்தவர். பதிவேட்டில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும், சண்டைக்குத் தயாராகிவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தொட்டாலே அடுத்தவர் உயிரை உறிஞ்சிவிடும் ரோக் என்ற பெண்ணும், கைமுட்டியிலிருந்து உலோக நகம் நீளும் லோகனும் வந்து மாட்டுகிறார்கள். பிரையன் சிங்கர் இயக்கம், 104 நிமிடம். சுமார் ஏழரைக் கோடி டாலரில் எடுத்து, முப்பது கோடியை ஒட்டி வசூல் பண்ணியது. இன்றைக்கு வருஷம் தவறாமல் சூப்பர் ஹீரோ படங்கள் வந்து குவிகின்றனவே, அதற்கு வழி திறந்துவிட்ட படங்களில் இது ஒன்று. இதெல்லாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

இந்த வகைப் படம் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, சக்தி அந்த உடம்புக்கு என்ன செலவு வைக்கிறது என்பதை. செலவே இல்லாத சக்தி வெறும் கிராபிக்ஸ். பார்க்கும்போது வாய் பிளப்போம், வெளியே வந்து டீ குடிக்கும்போது மறந்துவிடுவோம். எக்ஸ்-மென் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. ரோக் அறிமுகமாகும் காட்சியைப் பாருங்கள். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர், அவளுடைய படுக்கையறை. சுவரில் மாட்டிய வரைபடத்தைக் காட்டி, பள்ளி முடிந்ததும் எந்த வழியாக எங்கெல்லாம் போகப்போகிறேன் என்று ஒரு பையனிடம் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் முத்தம் கொடுக்கிறான். அவன் முகத்தில் நரம்புகள் புடைத்துக்கொண்டு வருகின்றன, துடித்து விழுகிறான். என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, என்னைத் தொடாதீர்கள் என்று கத்துகிறாள். அடுத்து அவளைப் பார்க்கும்போது வீட்டை விட்டு வந்துவிட்டாள், கையில் உறை மாட்டியிருக்கிறாள். சக்தி வந்ததும் அவளுக்குக் கிடைத்தது இதுதான். வரைபடத்தில் காட்டிய அதே வடக்குப் பக்கம் போகிறாள், ஆனால் ஓடிப்போகிறவளாக.

அதைவிட எனக்குப் பிடித்தது வண்டிக்குள் நடக்கும் காட்சி. கனடாவில் பனி கொட்டுகிறது. லோகனின் வண்டியில் ரோக் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், குளிரில் நடுங்குகிறாள். ஹீட்டர் பக்கம் கையை வை என்று சொல்லி அவன் கையை நீட்டுகிறான். அவள் வெடுக்கென்று பின்னால் போய்விடுகிறாள். அவன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று காரணம் சொல்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கைமுட்டியைப் பார்த்து, அது வெளியே வரும்போது வலிக்குமா என்று கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் வலிக்கும் என்கிறான். அவ்வளவுதான் பேச்சு. சண்டை கிடையாது, பெரிய இசை கிடையாது, இரண்டு ஜோடிக் கைகள் மட்டும். ஒன்று தொட முடியாத கை, இன்னொன்று விரிக்கும்போதெல்லாம் தன்னையே கிழித்துக்கொள்ளும் கை. கல்லூரியில் நான் இந்தக் காட்சியைப் போட்டு, வசனத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள் என்று சொல்வதுண்டு. வசனம் இல்லாமலே கதை விளங்கும். உங்கள் சாரிடம் இந்த ஒரு காட்சியைக் காட்டுங்கள். வெறும் சண்டைப் படம் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

படம் தொடங்கும் வரிசையும் யோசித்துச் செய்தது. 1944, போலந்து, மழை, சேறு, முள்வேலி. ஒரு பையனைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கிறார்கள். அவன் கையை நீட்ட, இரும்புக் கதவு வளைகிறது. அங்கிருந்து நேரே ரோக்கின் படுக்கையறை. அதிலிருந்து செனட் மன்றம், பதிவுச் சட்டத்தைப் பற்றிய விவாதம். மூன்றையும் அடுத்தடுத்து வைத்ததால், செனட்டர் பேசும்போது நம் காதில் முள்வேலிச் சத்தமும் சேர்ந்து கேட்கிறது. யாரும் எழுந்து நின்று விளக்கவில்லை. வெட்டி ஒட்டியதிலேயே வாதம் முடிந்துவிட்டது. அந்தக் காலத்துச் சூப்பர் ஹீரோ படங்களில் இந்தத் துணிச்சல் அரிது.

குறைகள் இல்லாமலும் இல்லை. பாதிக்கு மேல் கதை ஒரு இயந்திரத்தைச் சுற்றியே ஓடுகிறது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குள் நடக்கும் க்ளைமாக்ஸ் சண்டை இன்று பார்த்தால் சின்னதாகவும் கொஞ்சம் கைவேலையாகவும் தெரிகிறது. மழையையும் மின்னலையும் வரவழைக்கும் ஸ்டார்மாக ஹாலி பெரி நடிக்கிறார். பெரும்பாலும் நிற்க வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. இந்தப் படத்தில் நல்லவர்கள் பக்கம் இருப்பவர்களைப் பாருங்கள்: ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு கையுறை மாட்டினால் போதும், தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உடம்பே வேறு மாதிரி இருக்கும் நீல நிற மிஸ்டிக், தவளை நாக்கு டோட், விலங்கு முகத்து சேபர்டூத் எல்லோரும் வில்லன் கூட்டத்தில் இருக்கிறார்கள். டோடுக்கும் சேபர்டூத்துக்கும் பேச்சுகூட அதிகம் இல்லை. ஒதுக்கப்பட்டவர்களுக்காக வாதாடுவதாகச் சொல்லும் படம், பார்க்க அழகாக இருக்கும் ஒதுக்கப்பட்டவர்களைத்தான் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறது. நிறத்தையும் மூக்கையும் தலைமுடியையும் வைத்துப் பஸ்ஸிலேயே அடையாளம் கண்டு ஒதுக்கப்படும் ஒரு பணியர் வீட்டுப் பெண் பிள்ளை இதைக் கவனிக்காமல் இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. 2003-இல் வந்த இரண்டாம் பாகம் இதைத் திருத்தப் பார்த்தது. அதில் நீலத் தோலோடு வாலும் உள்ள நைட்கிராலர் நல்லவர் பக்கம் வருகிறார். எந்த உருவத்துக்கும் மாற முடிந்த மிஸ்டிக்கிடம், எப்போதும் மற்றவர்கள் மாதிரியே இருந்துவிடலாமே என்று அவர் கேட்கிறார். அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு ஏன் என்ற பொருளில் அவள் ஒரே வரியில் பதில் சொல்கிறாள். இரண்டு படத்தையும் சேர்த்தே அந்த வரியைவிட நல்ல வரி இல்லை என்பேன்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலும் அது இருக்கிறது. சேவியர் என்றால் மார்ட்டின் லூதர் கிங், மேக்னெட்டோ என்றால் மால்கம் எக்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்த இரண்டு தலைவர்களை வைத்துத்தான் இந்தக் கதையையே எழுதினார்கள் என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்கள். இதில் உறுதியானது எது என்றால், இந்தப் படத்துக்கு மூலமான காமிக்ஸை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-இல் தொடங்கினார்கள். ஒவ்வொரு நாயகனுக்கும் சக்தி எப்படி வந்தது என்று புதிதாகக் கதை கட்டுவது அலுத்துப்போய், பிறவியிலேயே வந்தது என்று வைத்துவிட்டேன் என்று ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார். அந்த முதல் இதழ்களில் மேக்னெட்டோ உலகத்தைப் பிடிக்க வரும் சாதாரண வில்லன்தான். அவரை நாஜி முகாமிலிருந்து தப்பியவராக மாற்றி, அவர் கோபத்துக்கு நியாயம் கொடுத்தது 1981-இல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதியபோது. ஆகவே கிங், மால்கம் ஒப்பீடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் அதை வரலாறாகச் சொல்ல வேண்டாம். பலர் அப்படிப் படிக்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். மால்கம் எக்ஸை ஒரு வில்லனின் அச்சாகப் பிள்ளைகள் முதல்முதலில் அறிந்துகொள்வது அவருக்கும் நியாயமில்லை.

அமெரிக்காவுக்குப் போகாமலே நம்மிடம் இருக்கும் வரலாறு இந்தப் படத்தோடு நெருக்கமாகப் பேசும். பதிவுச் சட்டம் நமக்குப் புதிதா என்ன? 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததாலேயே கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல். உங்கள் வகுப்பிலேயே இன்னொரு கதையும் உட்கார்ந்திருக்கிறது. இலங்கை 1948-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் பக்கமெல்லாம் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஒரு தாளில் பெயர் இருப்பதும் இல்லாமல் போவதும் என்னவெல்லாம் செய்யும் என்று அந்த வீட்டுத் தாத்தாவைக் கேட்டால் செனட்டர் கெல்லியைவிட நன்றாகச் சொல்வார்.

இதுவரை படத்துக்குப் பக்கபலமாகத்தான் பேசினேன். இனி எனக்கு ஒத்துப்போகாத இடம். செனட் காட்சியில் கெல்லி ஒரு வாதம் வைக்கிறார்: இல்லினாய்ஸில் ஒரு பெண் சுவருக்குள் புகுந்து போகிறாளாம், அவள் வங்கிப் பெட்டக அறைக்குள் போனால் யார் தடுப்பது? அவர் பேசும் தோரணை அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வாதம் அசட்டு வாதம் கிடையாது. படத்துக்குள் அந்தப் பெண் நிஜமாகவே சுவருக்குள் போகிறாள். ரோக் தொட்டால் நிஜமாகவே ஆள் விழுகிறான். மேக்னெட்டோ நிஜமாகவே போலீஸ் கார்களைத் தூக்கி எறிகிறார். பயப்படுகிறவர்களுக்குப் படம் தெரிந்தோ தெரியாமலோ பாதி நியாயம் கொடுத்துவிடுகிறது. ரேகைச் சட்டத்தில் மாட்டியவர்களிடமோ, கப்பலேற்றப்பட்ட தோட்டத் தொழிலாளியிடமோ அப்படி என்ன சக்தி இருந்தது? ஒன்றும் இல்லை.

இதை எனக்கு நன்றாக விளங்க வைத்தது எங்கள் மலையின் கதைதான். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் இருக்கும் ஆலுக் குறும்பர்களுக்கு மந்திர சக்தி உண்டு என்பது எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியது. விதைப்புச் சடங்குக்குக் குறும்பர் வேண்டும். கெட்டதை விரட்டவும் குறும்பர் வேண்டும். மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் பழியும் குறும்பர்மேல்தான். என் பாட்டி, குறும்பர் யாராவது தேன் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு பிள்ளைகளை உள்ளே தள்ளிவிடுவாள். அவர் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது. புலியாக மாறுவார், கரடியாக மாறுவார் என்று கதை வேறு. இது பாட்டி கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1835-லும் அதற்குப் பிறகும் சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர் குடியிருப்புகள் தாக்கப்பட்டு உயிர்கள் போனது அந்தக் காலத்துப் பதிவுகளில் இருக்கிறது. செத்தவர்களில் யாரும் புலியாக மாறித் தப்பிக்கவில்லை.

அபூர்வ சக்தி உள்ள ஒதுக்கப்பட்டவர்கள் என்ற கதையை ஹாலிவுட் கண்டுபிடிப்பதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே நம் மலையில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியது ஒதுக்கியவர்கள். சக்தி இருந்ததால் பயம் வரவில்லை. பயம் வந்த பிறகு அதற்குக் காரணம் வேண்டியிருந்தது, சக்தியைக் கொண்டுவந்து வைத்தார்கள். எக்ஸ்-மென் இதைத் தலைகீழாக்கி, சக்தியை முதலில் வைத்து, பயத்தை அதன் விளைவாகக் காட்டுகிறது. கதை ஓட அது தேவை என்பது எனக்குப் புரிகிறது. நகம் இல்லாத லோகனைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வரிசை மாற்றம்தான் இந்தப் படத்தின் பெரிய பலவீனம். இது என் கருத்து. படத்தொகுப்பு பற்றிச் சொன்னதைச் சொன்ன அதே உறுதியோடு இதைச் சொல்ல முடியாது. ஒடுக்கப்பட்ட மக்களிலேயே பலர், முக்கியமாகத் தன்பால் ஈர்ப்பாளர்கள், இந்தப் படங்களில் தங்களைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு பையன் தன் வீட்டில் உட்கார்ந்து தான் மியூட்டன்ட் என்று சொல்ல, அப்படி இல்லாமல் இருக்கப் பார்த்தாயா என்று அம்மா கேட்கும் காட்சி அவர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது வேலை செய்கிறது என்றால் குறுக்கே நிற்க நான் யார்? நம் ஊரில் அதே கதை வேறு மாதிரி வேலை செய்யும் என்பதுதான் என் பேச்சு.

எப்படி என்றால், பிறப்பு. சக்தி மரபணுவில் வருகிறது, பிறக்கும்போதே சிலர் வேறு, அடுத்த படிக்குப் போனவர்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே சேவியரின் குரல் பரிணாமத்தைப் பற்றிப் பேசுகிறது. மேக்னெட்டோ அதை இன்னும் ஒரு படி இழுத்து, நாங்கள்தான் எதிர்காலம் என்கிறார். அமெரிக்காவில் இது கற்பனை. பிறப்பாலேயே ஒருவனுக்குத் திறமை, இன்னொருவனுக்கு இல்லை என்ற பேச்சில் இத்தனை நூற்றாண்டு அடிபட்ட நம் நாட்டில், நல்லவர்கள் வாயிலிருந்தும் அது வரும்போது காது கூசத்தான் செய்யும். படம் அதைக் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் கேட்கலாம்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பிள்ளைகளிடம், பாருங்கள், ஒதுக்கப்பட்டவர்களுக்குத்தான் சக்தி, உங்களுக்கும் உண்டு என்று சொல்லிப் படத்தைப் போட நினைத்தீர்கள். நல்ல மனசோடுதான் நினைத்தீர்கள். ஆனால் அதையே கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், என் பாட்டி சொன்னதுதான் இது. அவள் பயந்து சொன்னாள், நாம் கைதட்டிச் சொல்கிறோம். நம் சினிமாவிலும் காட்டுக்குள்ளிருந்து வரும் ஆள் என்றால் ஒன்று பச்சிலை வைத்துப் பிழைக்க வைப்பார், இல்லையென்றால் சூனியம் வைப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கவோ டிசி வாங்க அலையவோ மாட்டார். சுற்றுலா வருகிறவர்கள் மலைத்தேன் எடுப்பதைப் பார்த்து, இவர்கள் மனிதர்களே இல்லை சார் என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாறையில் கொடி ஏணியில் தொங்குகிறவருக்கு அது பிறவிச் சக்தி இல்லை. எந்தக் கொடி தாங்கும், புகையை எப்படி ஏற்றுவது, எந்த மாதத்தில் எந்த அடையை விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்களிடம் கற்றுக்கொண்டது. மேலே கொடியைக் காவல் காப்பவர் பெரும்பாலும் மைத்துனர், நம்பிக்கையான ஆள். தவறினால் எல்லோரையும் போல விழுந்து எலும்பு முறிவார். சக்தி என்று சொல்லிவிட்டால் அந்தப் படிப்பும் உழைப்பும் ஆபத்தும் ஒரே வார்த்தையில் மறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, எந்தத் திறமையும் இல்லாத, கணக்கில் முப்பது மார்க் வாங்குகிற, மரம் ஏறத் தெரியாத ஒரு காட்டுநாயக்கர் பையனும் உங்கள் வகுப்பில் இருப்பான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்க அவன் என்ன சக்தியைக் காட்ட வேண்டும்?

இதைப் படத்துக்கு எதிராக மட்டும் சொல்லவில்லை. படமே ஓர் இடத்தில் இதைத் தொட்டுவிடுகிறது. அது எழுதியவர்களுக்குத் தெரிந்து நடந்ததோ என்னவோ. மேக்னெட்டோ செனட்டர் கெல்லியைப் பிடித்துத் தன் இயந்திரத்தால் மியூட்டன்டாக மாற்றிவிடுகிறார். கெல்லி தப்பித்து, போக இடம் தெரியாமல், தான் பட்டியல் போட நினைத்தவர்களிடமே வந்து சேர்கிறார். உடம்பு தாங்கவில்லை, மேசையில் கிடக்கிறார். பக்கத்தில் ஸ்டார்ம் மட்டும் இருக்கிறாள். தனியாக விட்டுவிடாதே என்று கேட்கிறார்; அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சாதாரண மனிதர்களை நீ வெறுக்கிறாயா என்று கேட்கிறார். சில நேரம் என்கிறாள். ஏன் என்றால், அவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்கிறாள். அப்படியானால் இனி நீ பயப்பட வேண்டிய ஆட்களில் ஒருவன் குறைந்தான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, அவர் உடம்பு தண்ணீராகக் கரைந்து வழிந்துவிடுகிறது. மின்னலைக் கையில் வைத்திருக்கிறவள் பயம் என்று சொல்லும் அந்த ஒரு நிமிஷம், படத்தில் பயத்தின் திசை சரியாக இருக்கிறது. பாட்டி வாசலில் தேன் வாங்கியபோது உண்மையில் யார் யாரைப் பார்த்துப் பயந்திருப்பார்கள் என்று நான் யோசித்ததே இந்தக் காட்சிக்குப் பிறகுதான். ஸ்டார்முக்குப் படம் முழுக்க வேலையே கொடுக்கவில்லை என்று முன்பு குறை சொன்னேன். இங்கே மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

சேவியரின் பள்ளி பற்றியும் ஒரு வார்த்தை, உங்கள் பிள்ளைகள் அதைக் கட்டாயம் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் உறைவிடப் பள்ளி என்றால் இரண்டு வகை. ஒன்று ஊட்டிப் பக்கம் பெரிய கேட், புல்வெளி, குதிரை. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இலிருந்தே இருக்கிறது. இன்னொன்று உங்களுடையது. படத்தில் வரும் பங்களா முதல் வகை. ஆனால் அதற்குள் இருக்கும் பிள்ளைகளின் நிலைமை, வீட்டை விட்டு வந்தவர்கள், வெளியே போனால் முறைக்கப்படுகிறவர்கள் என்பதெல்லாம் இரண்டாவது வகை. அந்தப் பொருத்தமின்மையைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துவிடுவார்கள். பிடித்தால் விடுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

காட்டும் விதம் பற்றி. முகாம் காட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டை விட்டு ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிய்த்தெடுக்கும் ஷாட் மற்றவர்களுக்கு வலிப்பதைவிட அதிகமாக வலிக்கும். நாஜி முகாம் என்றால் என்ன என்று ஐந்து நிமிஷம் சொன்னால் போதும். அமெரிக்காவில் இந்தப் படத்துக்குப் பதின்மூன்று வயதுக்குக் கீழே பெற்றோர் கவனம் தேவை என்ற சான்றுதான். ஒன்பதாம் வகுப்புக்கு அதில் தொந்தரவு இல்லை, சின்னப் பிள்ளைகளைப் பின் பெஞ்சில் உட்கார விடாதீர்கள். சப்டைட்டில் வேகமாக ஓடும், எல்லோராலும் படிக்க முடியாது; செனட் காட்சியையும் கெல்லி சாகும் காட்சியையும் நிறுத்தி நிறுத்தி நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரே மூச்சில் போடுங்கள், பாடவேளைக்குப் பாடவேளை வெட்டினால் வண்டிக் காட்சி மாதிரி மெதுவான இடங்கள்தான் முதலில் பலியாகும். உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு, உங்களுக்கு என்ன சக்தி வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்; எல்லோரும் பறக்க வேண்டும் என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சுவருக்குள் போகும் பெண்ணைப் பற்றிக் கெல்லி கேட்டதற்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், யாருக்கும் எந்தச் சக்தியும் இல்லாமல் இருந்திருந்தாலும் கெல்லி அந்தப் பட்டியலைப் போட்டிருப்பாரா என்று கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். உங்கள் சார் அன்றைக்கு வந்தால் அவரையும் பெஞ்சில் உட்கார வையுங்கள். இரண்டாம் பாகம் கையில் கிடைத்தால் அந்த வீட்டுக் காட்சியையும், நைட்கிராலரும் மிஸ்டிக்கும் பேசும் இடத்தையும் அடுத்த வாரம் தனியாகப் போடலாம். இரண்டும் சேர்ந்து பத்து நிமிஷம்கூட வராது. 2006-இல் வந்த மூன்றாம் பாகத்தை அதற்காகத் தேட வேண்டாம். சக்தியைப் போக்க மருந்து என்ற நல்ல கதைக்கரு அதில் இருக்கிறது, பாதியில் போட்டுவிட்டுப் பாலத்தைப் பிடுங்கப் போய்விடுகிறார்கள்.